டர்போ காருக்கு வீட்டில் செய்த குளிர்காற்றுக் குழாய்: 2002 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி அமெரிக்காவில் விற்கப்பட்ட 2002 மாடல் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். 1994 சி.சி. கொள்ளளவும், கிடைமட்டமாக எதிரெதிரே படுத்த நான்கு சிலிண்டர்களும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒற்றை டர்போவும் கொண்ட அதன் எஞ்சின் கம்பெனிக் கணக்குப்படி 227 குதிரைத்திறன் தருவது. வண்டியின் உரிமையாளர் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகருக்கு அருகே வசிக்கும் என் நண்பர். அவர் கம்பெனி பொருத்திய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அலுமினியக் குழாய், சிலிக்கான் ஹோஸ், கூம்பு வடிவ ஃபில்டர் ஆகியவற்றை வாங்கித் தம் வீட்டு கராஜிலேயே ஒரு குளிர்காற்று உறிஞ்சு குழாயைச் செய்து பொருத்தியிருந்தார். ஃபில்டர் பம்பருக்குப் பின்னால், ஃபெண்டரின் உட்குழிவில் கீழே தொங்கியது. வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. வெட்டு நேராக இருந்தது, வளைவுகளில் சுருக்கம் இல்லை.

பொருத்திய பிறகு வண்டி முன்பைவிட வேகமாக இழுப்பதாக அவர் உணர்ந்தார். சில நாட்களில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதைக் குறிக்கும் பி0171 குறியீடு பதிவாகியிருந்தது. வெயில் ஏறிய பிற்பகல்களில் மூன்றாம் கியரில் முழுமையாக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சினிலிருந்து சன்னமான கிணுகிணுப்பு கேட்டது. “முன்ன விட நல்லா இழுக்குதே, அப்புறம் எப்படித் தப்பா இருக்கும்?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கான விடைதான் இந்த ஆய்வின் மையம் என்பதால், அதை அடையும் முன் காற்றின் பாதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பது அவசியம்.

கம்பெனி அமைத்திருந்த பாதை

இந்த மாடலில் கம்பெனியின் ஏர்பாக்ஸ் எஞ்சின் அறையின் ஓரத்தில் இருந்தாலும், அது காற்றை எடுப்பது எஞ்சின் அறையிலிருந்து அல்ல. ஃபெண்டருக்குள் இருக்கும் ஒலித்தணிப்பு அறையின் வழியாக வெளிக்காற்றைத்தான் உறிஞ்சுகிறது. அதாவது, குளிர்காற்று எடுக்கும் வசதி ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. பெட்டிக்குள் தட்டையான காகித ஃபில்டர். அதைக் கடந்ததும் பெட்டியின் வெளிவாய்க் குழாயில் காற்றின் நிறையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார். அதன்பின், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் நெளிந்து செல்லும் குழாய். கடைசியில் எஞ்சினின் பின்புறம் இருக்கும் டர்போவின் கம்ப்ரசர் வாய். அங்கே அழுத்தப்பட்ட காற்று எஞ்சினின் தலைமேலேயே படுத்திருக்கும் இன்டர்கூலருக்குப் போய், பானட்டின் மேலுள்ள திறப்பு வழியே வரும் காற்றால் குளிர்ந்து, சிலிண்டர்களை அடைகிறது.

சாதாரண எஞ்சினுக்கும் டர்போ எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினில் உறிஞ்சு வாயில் காற்று எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ, ஏறத்தாழ அதே வெப்பநிலையில் சிலிண்டரை அடைகிறது. 25 டிகிரிக்குப் பதில் 50 டிகிரிக் காற்றை எடுத்தால் அடர்த்தியில் 8 சதவீதத்தை ஒட்டிய இழப்பு நேரும். டர்போ எஞ்சினில் கணக்கு வேறு. சுமார் 0.9 பார் பூஸ்ட்டில் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்), 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் 25 டிகிரிக் காற்றை 110 டிகிரியை ஒட்டிய வெப்பத்துக்கு ஏற்றிவிடுகிறது. 50 டிகிரியில் உள்ளே போனால் 142 டிகிரி அளவில் வெளியே வருகிறது. இன்டர்கூலர் தனக்குக் கிடைக்கும் வெப்பநிலை வித்தியாசத்தில் 70 சதவீதத்தை நீக்குவதாகக் கொண்டால், முதல் காற்று 50 டிகிரியிலும் இரண்டாவது 60 டிகிரியிலும் மேனிஃபோல்டை அடையும். வாயிலில் 25 டிகிரியாக இருந்த வித்தியாசம் சிலிண்டரின் வாசலில் 10 டிகிரியாகச் சுருங்கி, அடர்த்தி இழப்பு 3 சதவீதம் ஆகிறது. 227 குதிரைத்திறனில் அது 6 அல்லது 7. எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றை உறிஞ்சும் அமைப்புக்கும் வெளிக்காற்றை உறிஞ்சும் அமைப்புக்கும் இடையிலான வித்தியாசமே இவ்வளவுதான். கம்பெனிப் பெட்டி ஏற்கெனவே வெளிக்காற்றை எடுத்துக்கொண்டிருந்த இந்த வண்டியில், குளிர்ச்சியால் மட்டும் கிடைக்கக்கூடிய லாபம் அதைவிடவும் குறைவு.

உறிஞ்சு பாதையின் தடையைக் குறைப்பதால் வரும் லாபத்தையும் இதேபோல் கணக்கிடலாம். டர்போவின் வாயில் 5 கிலோபாஸ்கலாக இருந்த உறிஞ்சு இழப்பை 2 கிலோபாஸ்கலாகக் குறைத்தால், அதே பூஸ்ட்டை எட்ட கம்ப்ரசர் செய்ய வேண்டிய வேலை குறைந்து, அதிலிருந்து வெளிவரும் காற்று 4 அல்லது 5 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். இன்டர்கூலரைக் கடந்தபின் அதில் மிஞ்சுவது ஒன்றரை டிகிரி. ஆனால் இதில் வேறொரு பலன் உண்டு. வெளியேறும் புகையால் சுழன்று கம்ப்ரசரை ஓட்டும் டர்பைன் அதே வேலையைக் குறைந்த வெளியேற்ற அழுத்தத்தில் செய்ய முடிவதால், பூஸ்ட் சற்று முன்னதாக எழுகிறது. என் கருத்தில் டர்போ காரில் உறிஞ்சு பாதையைத் திருத்துவதற்கு நேர்மையான காரணம் இந்தத் தடைக்குறைப்புதான். குளிர்ச்சி அதற்கு அடுத்த இடம்.

டாஷ்போர்டில் அல்லது ஃபோனில் தெரியும் உறிஞ்சு காற்று வெப்பநிலையைக் காட்டி, குழாய் வேலை செய்கிறது என்று முடிவுகட்டுவோர் பலர். இந்த மாடலில் அந்த வெப்பநிலை சென்சார் எம்ஏஎஃப் சென்சாருக்குள்ளேயே, அதாவது டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. இன்டர்கூலரைத் தாண்டிச் சிலிண்டருக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அது அளப்பதே இல்லை. சிக்னலில் நீண்ட நேரம் நின்று, எஞ்சினின் மேலே உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலர் சூடேறிய நிலையில்கூட, அந்த எண் குளிர்ச்சியாகவே காட்டும்.

அளவு கெட்ட இடம்

எம்ஏஎஃப் சென்சாருக்குள் மின்சாரத்தால் சூடாக்கப்படும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அதைக் கடந்து போகும் காற்று கம்பியைக் குளிரவைக்கிறது. அதைச் சூடாகவே வைத்திருக்கத் தேவைப்படும் மின்னோட்டத்தை வைத்து எஞ்சினின் கணினியான இ.சி.யு. காற்றின் அளவைக் கணிக்கிறது. கம்பி உணர்வது குழாயின் முழு ஓட்டத்தை அல்ல, தன்மேல் படும் ஓட்டத்தை மட்டுமே. அந்தச் சிறு மாதிரியிலிருந்து முழு ஓட்டத்தைக் கணக்கிடும் அட்டவணை, கம்பெனிக் குழாயின் உள்விட்டத்தையும் அங்கே காற்று ஓடும் விதத்தையும் வைத்து எழுதப்பட்டது. சென்சாரை வேறொரு குழாய்க்கு மாற்றினால் அட்டவணை பொய்த்துப்போகிறது.

65 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு 33.2 சதுர செ.மீ.; 70 மி.மீ. குழாயினுடையது 38.5 சதுர செ.மீ. கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் இந்த 5 மி.மீ. பரப்பில் 16 சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது. அதே அளவு காற்று போகும்போது வேகம் 14 சதவீதம் குறைகிறது. சென்சாரும் 14 சதவீதம் குறைவாகவே சொல்கிறது. நண்பரின் குழாயிலும் கம்பெனிக் குழாயிலும் காலிப்பர் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் இந்த அளவை ஒட்டியே இருந்தது. அதற்கு மேல், சென்சாரை அவர் ஒரு வளைவு முடிந்த உடனே பொருத்தியிருந்தார். வளைவைத் தாண்டிய காற்று வெளிச்சுவரை ஒட்டி வேகமாகவும் உட்சுவரை ஒட்டி மந்தமாகவும் ஓடுவதால், கம்பியின்மேல் படும் ஓட்டம் மொத்த ஓட்டத்துக்கு ஒழுங்கான மாதிரியாக இருப்பதில்லை.

பூஸ்ட்டில் இருக்கும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11 பங்கு காற்று என்று இ.சி.யு. கணக்கிட்டு ஊற்றுவதாக வைத்துக்கொண்டால், உண்மையில் சிலிண்டருக்குள் இருப்பது 12.8 பங்கு காற்று. மெதுவாக ஓட்டும்போது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இ.சி.யு. தன்னைத் திருத்திக்கொள்ளும், அந்தத் திருத்தத்தின் ஒரு பகுதியை முழுச் சுமைக்கும் எடுத்துச் செல்லும். திருத்தம் தன் எல்லையைத் தொடும்போதுதான் பி0171 விளக்கை ஏற்றுகிறது.

பெட்ரோல் திருத்தப்பட்டாலும் திருத்தப்படாத ஒன்று இருக்கிறது, அதுவே ஆபத்தானது. ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்ற எண்ணைத்தான் எஞ்சினின் சுமையாக இ.சி.யு. எடுத்துக்கொண்டு, அதற்கேற்பத் தீப்பொறியின் நேரத்தை அட்டவணையிலிருந்து எடுக்கிறது. காற்றைக் குறைத்துச் சொன்னால், சுமை குறைவு என்று நினைத்துத் தீப்பொறியை முன்னதாகக் கொடுக்கிறது. பெட்ரோல் குறைந்த கலவை, முன்கூட்டிய தீப்பொறி, நிறைந்த பூஸ்ட் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கலவை தானாக வெடிக்கத் தொடங்கும். நண்பர் கேட்ட கிணுகிணுப்பு அந்த நாக்கிங்தான். நாக் சென்சார் அதைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் அது வெடிப்பு நடந்தபின் எடுக்கும் நடவடிக்கை. வார்ப்பு பிஸ்டன்களில் வளையங்களைத் தாங்கும் மெல்லிய விளிம்பு இப்படிப்பட்ட அடிகளால்தான் உடைகிறது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தது பிரமை அல்ல. எந்த வெயிலிலும் எந்த பெட்ரோலிலும் எஞ்சின் பிழைக்க வேண்டும் என்று கம்பெனி கலவையில் பெட்ரோலைத் தாராளமாக விட்டு, தீப்பொறியைச் சற்றுத் தாமதமாகவே வைத்திருக்கிறது. கலவையைச் சற்று மெலியவைத்து, தீப்பொறியைச் சற்று முன்னே தள்ளினால் சக்தி கூடவே செய்யும். அவர் உணர்ந்த கூடுதல் இழுப்பில் பெரும்பகுதி குளிர்ந்த காற்றால் வந்ததல்ல. எஞ்சினின் பாதுகாப்புக்கென்று விடப்பட்டிருந்த இடைவெளியிலிருந்து எடுக்கப்பட்டது. வீட்டில் குழாய் செய்யும் ஒவ்வொருவரும் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன், ஏனெனில் இருக்கையில் உணரப்படும் இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை உடம்பால் பிரித்தறிய வழியே இல்லை.

மீண்டும் செய்த விதம்

முதலில் கம்பெனிப் பெட்டியையே திரும்பப் பொருத்தி, இ.சி.யு. சேர்த்துவைத்திருந்த பெட்ரோல் திருத்தக் கணக்குகளை அழித்து, வண்டி தன் இயல்புக்கு வரும்வரை ஓட்டினோம். இயல்பு நிலை என்னவென்று தெரியாமல் மாற்றத்தை அளப்பது இயலாத காரியம். பிறகு காற்றுப் பாதையின் எந்தப் பகுதி உண்மையில் தடையாக இருக்கிறது என்று பார்த்தோம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை யு வடிவில் பலகையில் கட்டி, பாதி அளவுக்கு நிறமேற்றிய தண்ணீரை ஊற்றி, ஒரு முனையை அளக்க வேண்டிய இடத்தில் செருகினால் போதும். இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கு இடையே 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல் உறிஞ்சு இழப்பு. ஃபில்டருக்கு முன், ஃபில்டருக்குப் பின், டர்போவின் வாய்க்கு அருகே என்று இடம் மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொரு இடத்திலும் முழுச் சுமையில் ஒருவர் ஓட்ட இன்னொருவர் பார்த்துக் குறித்துக்கொண்டோம். தண்ணீர் எஞ்சினுக்குள் இழுபடாமலிருக்க டியூபின் உயரம் ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இழுபடும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு காலிப் பாட்டிலை வைப்பது நல்லது.

கூம்பு ஃபில்டர் விற்பவர்கள் குறைசொல்லும் காகித ஃபில்டர் மிகக் குறைந்த தடையையே தந்தது. பெரும்பகுதி இழப்பு இரண்டு இடங்களில் இருந்தது: ஃபில்டருக்கு முன்னால் ஃபெண்டருக்குள் இருக்கும் ஒலித்தணிப்பு அறை, ஃபில்டருக்குப் பின்னால் மேனிஃபோல்டுக்கு அடியில் நெளியும் குழாய். இரண்டாவதை மாற்ற மேனிஃபோல்டைத் தூக்க வேண்டும் என்பதாலும், எஞ்சினின் ஆவிக் குழாயும் பைபாஸ் வால்வின் திரும்புக் குழாயும் அதில் வந்து சேர்வதாலும் அதைத் தொடாமல் விட்டோம். அந்தத் திரும்புக் குழாய் முக்கியமானது. கியர் மாற்றும்போது தேங்கும் பூஸ்ட் காற்றை, அதாவது ஏற்கெனவே எம்ஏஎஃப் அளந்து கணக்கில் எழுதிய காற்றை, அது டர்போவின் வாய்க்கே திருப்பி விடுகிறது. அதை அடைத்துவிட்டுக் காற்றை வெளியே ஊத விட்டால், இல்லாத காற்றுக்கு இ.சி.யு. பெட்ரோல் ஊற்றி ஒவ்வொரு கியருக்கும் வண்டி திணறும்.

எனவே வேலை முழுவதும் ஃபில்டருக்கு முன்னால் உள்ள பகுதியோடு நின்றது. ஒலித்தணிப்பு அறையைக் கழற்றி, பெட்டியின் வாயில் மணிவாய் போல் விரிந்த வளையம் ஒன்றைப் பொருத்தினோம். கூரான விளிம்புள்ள வாயில் நுழையும் காற்று விளிம்பிலேயே பிரிந்து சுழன்று வழியைச் சுருக்குகிறது. வட்டமாக விரிந்த விளிம்பு அந்தச் சுருக்கத்தைத் தவிர்க்கிறது. பம்பரின் கீழ்த் திறப்பிலிருந்து ஃபெண்டர் குழிவுக்கு 75 மி.மீ. வளையும் ஹோஸ் ஒன்றை இழுத்தோம். ஆனால் அதை வளையத்தோடு இணைக்காமல், ஒரு சாண் இடைவெளி விட்டுக் குழிவுக்குள் காற்றை ஊதும்படி நிறுத்தினோம். இடைவெளி விட்டதற்குக் காரணம் தண்ணீர். பெட்டியின் மூடியையும் எஞ்சின் அறைப் பக்கத்தையும் ரப்பர் நுரை கொண்டு அடைத்ததால் சூட்டுக்காற்று கலக்க வழியில்லை. எம்ஏஎஃப் சென்சார் தன் பழைய குழாயில், பழைய இடத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் இருந்தது.

இதற்கிடையே, தாம் செய்த அலுமினியக் குழாயை வீணாக்க மனமில்லாத நண்பரின் விருப்பப்படி வேறொரு வழியையும் முயன்றோம். பழைய வண்டியொன்றின் ஏர்பாக்ஸிலிருந்து சென்சார் இருக்கும் குழாய்ப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதன் முன்னே நேரான குழாயையும் கூம்பு ஃபில்டரையும் இணைத்தோம். விட்டம் ஒன்றே என்பதால் ஐட்லிங்கில் திருத்தக் கணக்கு கம்பெனி நிலையை நெருங்கியது. நடுத்தரச் சுமையில் மட்டும் விலகியது. பெட்டிக்குள்ளிருந்து அமைதியாக வரும் ஓட்டமும் கூம்பின் எல்லாப் பக்கமும் புகுந்து வரும் ஓட்டமும் கம்பியை ஒரே மாதிரி தொடுவதில்லை. இந்த வழியில் போக வேண்டுமானால் கலவையின் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் பொருத்தி, எம்ஏஎஃப் தரும் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் உரிய காற்றளவைப் பதிவு செய்து, இ.சி.யு.வின் அட்டவணையைத் திருத்தி எழுதியே தீர வேண்டும். அதற்கான மென்பொருளும் கேபிளும் இந்த மாடலுக்குக் கிடைக்கின்றன. அந்த வேலைக்குத் தயாராக இல்லாதவர் சென்சார் இருக்கும் பகுதியைத் தொடாமல் விடுவதே சரி.

குழாய் செய்யும் வேலையில் கவனிக்க வேண்டியவை சில. டர்போவுக்கு முன்னால் வரும் எந்தக் குழாயையும் அறுத்தபின் உள்விளிம்பை அரம் போட்டு மழித்து, சோப்பு நீரில் கழுவி, துணியால் துடைத்தே பொருத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் கம்ப்ரசர் சக்கரத்துக்கு ஓர் அலுமினியச் சீவலே போதிய சேதம் செய்யும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. குழாய் 80 டிகிரியை நெருங்கும்போது தளரத் தொடங்குவதால் எஞ்சின் அறைக்கு ஏற்றதல்ல. உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய ரப்பர் ஹோஸ் போட்டால் உள்நோக்கிச் சப்பிப்போகும். உலோகக் குழாய் சூட்டை ஏற்றிவிடும் என்ற அச்சத்துக்கு மட்டும் அவ்வளவு இடம் கொடுக்கத் தேவையில்லை: முழுச் சுமையில் வினாடிக்கு 170 கிராம் அளவில் ஓடும் காற்று, 70 மி.மீ. விட்டமுள்ள 60 செ.மீ. குழாயைக் கடக்க ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்கே எடுத்துக்கொள்கிறது. ஐட்லிங்கில்தான் அது முக்கால் வினாடி அளவுக்குத் தங்கிச் சூடேறும். அந்த நேரத்தில் யாருக்கும் சக்தி வேண்டியதில்லை.

மிச்சிகனின் குளிர்காலம்

கீழே தொங்கிய முதல் ஃபில்டரைப் பற்றி நான் மிகவும் கவலைப்பட்டது மழையையும் பனியையும் நினைத்துத்தான். இந்த எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் 500 சி.சி.க்குச் சற்றுக் குறைவு. அழுத்த விகிதம் 8:1. அப்படியென்றால் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 70 மில்லிலிட்டர் மட்டுமே. அதைவிடச் சற்று அதிகமாகத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே வர முடியாது. கனெக்டிங் ராடு வளையும். தேங்கிய நீரில் ஃபில்டர் மூழ்குவதுதான் அதற்கான வழி. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் அரைகுறையாக உருகிய பனிச்சேறும் முன்சக்கரத்திலிருந்து ஃபெண்டருக்குள்தான் தெறிக்கின்றன. புதிய அமைப்பில் ஃபில்டர் தன் பழைய உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. ஹோஸ் வழியே வரும் நீர் இடைவெளியில் விழுந்து ஃபெண்டரின் அடித்துளை வழியே வடிந்துவிடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை அந்த ஹோஸின் வாயை மூடியே வைக்கும்படி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். மைனஸ் 10 டிகிரிக் காற்று, 30 டிகிரிக் காற்றைவிட 15 சதவீதம் அடர்த்தி கூடியது. அந்தப் பருவத்தில் காற்றைத் தேடிப் போக வேண்டிய அவசியம் எஞ்சினுக்கு இல்லை.

வேலை முடிந்தபின் திருத்தக் கணக்குகள் கம்பெனிப் பெட்டியோடு இருந்த நிலையிலேயே நின்றன. பி0171 மீண்டும் வரவில்லை. அதே வெயிலில், அதே மூன்றாம் கியரில் நாக் சென்சார் தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்த பதிவுகள் மறைந்தன. தண்ணீர் டியூபில் டர்போ வாயின் இழப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. பூஸ்ட் எழும் நேரத்தில் சிறு முன்னேற்றம் பதிவில் தெரிந்தது, ஆனால் இருக்கையில் உட்கார்ந்து உணரும்படியான முன்னேற்றம் என்று அதைச் சொல்ல மாட்டேன். உறிஞ்சும் ஒலி நன்றாகவே கூடியது. நண்பருக்கு அதில் மகிழ்ச்சி. முதல் குழாயோடு ஒப்பிட்டால் வண்டி சற்று மந்தமாகத் தெரிகிறது என்றும் அவர் சொன்னார். பாதுகாப்பு இடைவெளி திரும்ப வைக்கப்பட்டதால் அது எதிர்பார்க்க வேண்டியதே.

சட்டத்தைப் பொறுத்தவரை, மிச்சிகனில் வண்டிகளுக்குக் கட்டாயப் புகைச் சோதனை இல்லை என்றாலும், புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைக் குலைக்கும் மாற்றங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் அங்கும் செல்லும். கலிஃபோர்னியாவில் நிலைமை இன்னும் கடுமையானது. அம்மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இல்லாத உறிஞ்சு குழாயைப் புகைச் சோதனையின்போது கண்ணால் பார்த்தே நிராகரித்துவிடுவார்கள், வீட்டில் செய்த குழாய்க்கு அந்த எண் இருக்க வழியில்லை. சென்சாரையும் அதற்குப் பின்னுள்ள பாதையையும் தொடாமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

காகித ஃபில்டரையே தொடர்ந்து வைத்திருக்கிறோம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அது பறந்து சூடான கம்பியில் படிந்து, விட்டம் மாறாமலேயே அளவைக் கெடுக்கும். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் மணிவாய் வளையத்தின் கிளாம்பையும் ஃபெண்டர் அடித்துளையில் இலை அடைத்திருக்கிறதா என்பதையும் பார்ப்பது இப்போது அவருடைய வழக்கத்தில் சேர்ந்திருக்கிறது. அடுத்து மேனிஃபோல்டைத் தூக்க வேண்டிய வேலை வரும்போது, அதன் அடியில் நெளியும் குழாயை மாற்றுவது பற்றி யோசிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்கு முன் அகலப்பட்டை சென்சாரைப் பொருத்திவிட வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை.